மைக் ரிப்பேர்

“வியாபாரி சார், ‘போர்ட்’னா சுமக்கறதுன்னு போன வகுப்புலதானே சொன்னேன்? இப்ப துறைமுகம்னு எழுதறீங்களே, நான் எந்தச் சுவத்துல போய் முட்டிக்க?”

கல்லாமேல் சாய்த்து வைத்திருந்த செல்போனிலிருந்து டீச்சரின் குரல் வந்தது. குழாய்க்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். லத்தீன் வேர்ச்சொற்களைப் பிடித்துக்கொண்டு ஆங்கில வார்த்தைகளைக் கற்றுத் தரும் ஆன்லைன் வகுப்பு அது. கூடப் படித்த வாண்டுகளெல்லாம் அடுத்த வகுப்புக்கு ஏறிவிட, ‘வியாபாரி’ என்று மட்டும் பேர் கொடுத்துச் சேர்ந்த இவர் முதல் படியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

‘மன்னிக்கவும்’ என்று ஒற்றை விரலால் தட்டி அனுப்பினார்.

மதியம், கடையில் ஈ ஓட்டுகிற நேரம். பக்கத்தில் புதிதாகக் கடை போட்டிருந்த பூட்டுக்கடைக்காரர் பேச்சுத்துணைக்கு வந்திருந்தார். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“ஏண்ணே, இது உங்களுக்கு அவ்வளவு கஷ்டமாவா இருக்கு?”

“என்ன கஷ்டம் தம்பி? நம்ம குழாய் மாதிரிதான். ‘போர்ட்’டுக்கு முன்னால ‘இம்’ மாட்டினா சரக்கு உள்ளே வருது, ‘எக்ஸ்’ மாட்டினா வெளியே போகுது. எல்போ வளைவைத் திருப்பினா தண்ணி திசை மாறலையா?”

பூட்டுக்கடைக்காரர் வாயைப் பிளந்தார். “இவ்வளவு தெரிஞ்சுக்கிட்டா தப்புத் தப்பா எழுதறீங்க?”

“சரியா எழுதினா அடுத்த வகுப்புக்குத் தள்ளிடுவாங்க. அங்கே வேற டீச்சர். அப்புறம் நான் எதுக்குக் காலைல எழுந்து இந்தக் கடையைத் திறக்கணும்?”

“ஓஹோ! கதை அப்படிப் போகுதா? இந்த வயசுலயா? வீட்ல அண்ணிக்குத் தெரியுமா?”

“தெரியும். அவதான் மறக்காம போனுக்குச் சார்ஜ் போட்டுக் குடுக்கறா.”

பூட்டுக்கடைக்காரர் போனையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“வியாபாரி சார், எழுதினது போதும்” என்றது போன். “மைக்கை ஆன் பண்ணிப் பேசுங்க. ‘வோக்’னா என்ன?”

‘மைக் ரிப்பேர்’ என்று தட்டினார்.

“தினமும் இதே பாட்டு! சரியோ தப்போ, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. எத்தனை வருஷம் ஆனாலும் என் வகுப்புலயே வெச்சுச் சொல்லித் தர்றேன். இல்லேன்னா இன்னையோட பேரை எடுத்துடுவேன். உங்க நேரமும் வீண், என் நேரமும் வீண்.”

குழாய்க்கடைக்காரரின் முகம் வெளிறியது. விரல் மைக் பொத்தான்வரை போய், அதைத் தொடாமல் திரும்பியது.

“சொல்லுங்கண்ணே!” பூட்டுக்கடைக்காரர் விலாவில் இடித்தார். “பேசிப் பேசியே பழைய குழாயைப் புதுசுன்னு தலையில கட்டற ஆளு நீங்க. விடை தெரியாதா?”

“தெரியும். குரல்.”

“அதைத்தான் அங்கே சொல்லுங்களேன்!”

“கடைசியாக் கேக்கறேன் சார்” என்றார் டீச்சர். “ஒரே ஒரு வார்த்தை.”

வெளியே ஒரு லாரி கூவிக்கொண்டே பின்னால் நகர்ந்தது. அந்தச் சத்தம் அடங்கியும் குழாய்க்கடைக்காரர் மைக்கை ஆன் பண்ணவில்லை. வகுப்பிலிருந்து அவர் பெயர் நீங்கியது. சற்று நேரத்தில் திரையும் இருண்டது.

பூட்டுக்கடைக்காரருக்கு ஆற்றாமை தாங்கவில்லை. “ஏண்ணே, வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?”

குழாய்க்கடைக்காரர் சட்டை நுனியால் திரையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“இந்த டீச்சர் கட்டிக்க இருந்தவனை இந்த வாசல்ல நிறுத்தி, விலகிப்போக என்ன விலைன்னு கேட்ட வாய் தம்பி இது. ‘செத்தாலும் இனிமே உங்க குரல் என் காதுல விழக்கூடாதுப்பா’ன்னு சொல்லிட்டுப் போனா என் பொண்ணு.”