அறுநூறு வருட நாற்றம்

காலை ஏழு மணிக்குச் சுவர்க் குழாய் உறுமியது. அழுகிய மீனும் தாரும் பன்றிச் சாணமும் கலந்த நெடி கூடத்தில் பரவியது. அமுதவல்லி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஏனுங்க, இந்தக் கருமத்தை ஒரு நாளாச்சும் அடைக்க முடியாதுங்களா?"

"அடைச்சா வீடு போயிரும் அமுதா" என்றான் நவநீதன்.

பின்லாந்தின் அந்தக் கடலோர நகரம் அடுக்குமாடிகளாக முளைத்துக்கொண்டே இருந்தது. பழசு என்று மிச்சமிருந்தது ஒரே ஒரு கல் தேவாலயம்தான். ஊரின் வேர் அறுநூறு வருட ஆழம் என்று காட்ட, நகராட்சி அந்தக் காலத்து வாடையைக் குழாய் வழியே வீடு வீடாக அனுப்பியது. வேறு வாடை வீசினால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான்.

அழைப்பு மணி. நகராட்சியின் வாடைப் பரிசோதகர் ஹன்னேலே வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு, கூடத்தை ஆழமாக முகர்ந்தாள்.

"அருமை!"

அப்போது ஆறு வயது மகள் இதழினி ஓடி வந்தாள். ஹன்னேலே குனிந்து அவள் தலையை முகர்ந்தாள். முகம் சுருங்கியது.

"தேங்காய் எண்ணெய்ங்க" என்றான் நவநீதன் அவசரமாக.

"அந்நிய வாடை. இன்றே காலி செய்யுங்கள். அல்லது இதைப் பூசுங்கள்." ஒரு குப்பியை நீட்டினாள். உள்ளே அந்தக் காலத்துக் கடல்நாய்க் கொழுப்பு.

நவநீதன் பல்லைக் கடித்துக்கொண்டு மகள் தலையில் தேய்த்தான். மஞ்சள் பிசுக்கு காதோரம் வழிந்தது. அமுதவல்லி மறுபடி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

இதழினி அதை விரலால் தொட்டு முகர்ந்தாள். கண்கள் மின்னின.

"இனிமே ஸ்கூல்ல என் பக்கத்துல யாரும் மூக்கைப் பொத்த மாட்டாங்க. நீயும் பூசிக்கம்மா. உன் மேலதான் நாறுது."