பெருமாள்மலையில் நின்ற பிக்கப்

நாயுடுபுரம் வீட்டில் இருதயசாமி காபியைக் கையில் எடுத்ததும் போன் ஒலித்தது.

“அண்ணே, இந்த பிக்கப்பு பெருமாள்மலைகிட்ட நின்னுருச்சு. செல்ஃப் அடிக்குது, ஸ்டார்ட் ஆகல.”

“டீசல் இருக்கா?”

“பாதி டேங்க் கெடக்குண்ணே.”

“அப்ப லைன்ல காத்து ஏறிருக்கும் தம்பி. டீசல் ஃபில்டர் மேல கைப்பம்பு இருக்கும். கெட்டியாகுற வரைக்கும் அமுக்குங்க.”

மறுமுனையில் மூச்சிரைத்தது. இஞ்சின் இருமிவிட்டு அணைந்தது.

“போங்கண்ணே! இத இங்கயே விட்டுட்டு நான் பஸ்ஸேறப் போறேன்.”

இருதயசாமி பதறி எழுந்ததில் காபி வேட்டியில் கொட்டியது. “ஏலே, அப்படிச் செஞ்சுராத! ஃபில்டர் அடியில ஸ்க்ரூ இருக்கு. அதத் தொறந்து தண்ணிய வடிச்சு மூடிட்டு, மறுபடி பம்பு அடி ராசா.”

சற்று நேரத்தில் இஞ்சின் உறுமியது. “கெளம்பிருச்சுண்ணே! ரொம்ப நன்றி!”

இருதயசாமி சிலுவை போட்டுக்கொண்டார்.

“யாருங்க, தெரிஞ்ச டிரைவரா?” என்றாள் மனைவி புஷ்பமேரி.

“ராத்திரி நம்ம வண்டியத் திருடிட்டுப் போனானே, அவன்தான். கதவுல எழுதியிருக்கிற நம்பரப் பாத்துக் கூப்புட்டான்.”

“அடப்பாவி மனுசா! திருடனுக்கா ரிப்பேர் சொல்லிக் குடுத்தீக?”

“பின்ன? வளைவுக்கு வளைவு என்னைத் தள்ள வச்ச சனியன்டி அது. அவன் பாதியில விட்டுட்டுப் போனா, போலீஸ்காரங்க திரும்ப நம்ம வாசல்லயே கொண்டாந்து நிறுத்திருவாங்க!”