முப்பத்தொன்றாம் டோக்கன்

பூவனநாதனின் தீப்பெட்டி ஆபீசில் ஆட்களுக்குப் பெயர் பதிவேட்டில் மட்டும்தான்; கூப்பிடுவதெல்லாம் டோக்கன் எண்தான். ஆள் போனால், எண் பொறித்த அந்தத் தகர வில்லை அடுத்த ஆளுக்கு. முதலாளிக்குப் பெயர்களை ஞாபகம் வைத்துக்கொள்ளும் சிரமத்தைக் கொடுக்கலாமா?

இரண்டு வருடம் முன்பு, தீக்குச்சிக்கு மருந்து முக்கும் அறையில் முப்பத்தொன்று எரிந்து செத்தது. பெயர் சோலைராஜ். நாலாம் நாள் அதே வில்லை கண்ணபிரான் என்பவன் சட்டையில் தொங்கியது.

'எங்கள் வேலையாள் அல்ல. தீப்பெட்டி கேட்டு உள்ளே வந்த வழிப்போக்கன்' என்று கோர்ட்டுக்கு எழுதிக் கொடுத்தார் பூவனநாதன். மகன் அங்கேதான் வேலை பார்த்தான் என்று நிரூபிக்க, சோலைராஜின் தாய் வாய்தா வாய்தாவாக அலைந்தாள். கையில் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

இப்போது, ஐந்து வருட வருகைப் பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அச்செடுத்துக் கையெழுத்திட்டுத் தரும்படி தொழிற்சாலை ஆய்வாளரின் உத்தரவு. பூவனநாதனுக்கு ஒரே சந்தோஷம். ஏற்றிவிட்டால் பழைய நோட்டுகளை மெழுகு காய்ச்சும் அடுப்புக்குக் கொடுத்துவிடலாம்.

"அண்ணாச்சி, ஒரே நம்பரு ரெண்டு தடவை வந்தா கம்ப்யூட்டரு ஏத்துக்கிட மாட்டேங்குது" என்றாள், வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதமான வள்ளிமயில். "மத்த நம்பருக்கெல்லாம் பக்கத்துல சேந்த வருசத்தையும் போட்டு ஆளைப் பிரிச்சிட்டேன். இந்த முப்பத்தொண்ணை என்ன செய்ய? முன்னால சோலைராஜ், பின்னால கண்ண..."

"ஏட்டி, பேரு எதுக்கு?" பூவனநாதன் எழுந்து கதவைச் சாத்தினார். "முப்பத்தொண்ணு அஞ்சு வருசமா ஒரே ஆளுதான். வெளங்குதா? இங்கன எவனும் சாகல."

"வெளங்குது அண்ணாச்சி. ஒரே ஆளாக்கிருதேன். அஞ்சு வருச வருகையும் அந்த ஒரு பேர்லயே ஏறிக்கிடும்."

"கெட்டிக்காரி! தீவாளிக்கு ஒனக்குப் பட்டுச்சேலை. வெளிய மூச்சு விடாத."

"நான் எதுக்கு அண்ணாச்சி பேசுதேன்?"

அச்சான தாள்களில் பூவனநாதன் எண்களை மட்டும் விரல் வைத்துப் பார்த்தார். முப்பத்தொன்று ஒன்றே ஒன்று. திருப்தி. பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து, முத்திரை. மறுநாள் நோட்டுகள் அடுப்பேறின. வள்ளிமயிலே எடுத்துக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை வந்த ஆய்வாளர் தாள்களைப் புரட்டினார்.

"இந்த முப்பத்தொண்ணு பரவாயில்லையே! அஞ்சு வருசமா, போன வாரம் வரைக்கும் வந்திருக்காரு. ஆளைக் கூப்பிடுங்க."

பூவனநாதன் பெருமையாகக் கை தட்டினார். கண்ணபிரான் வந்து நின்றான்.

"நீங்கதானே சோலைராஜ்?"

கண்ணபிரான் முதலாளி பக்கம் திரும்பினான். பூவனநாதன் தாளை இழுத்துப் பார்த்தார்: முப்பத்தொன்றுக்கு நேரே பக்கத்துக்குப் பக்கம் சோலைராஜ்.

"ஏட்டி, அந்தப் பழைய நோட்டை எடு!"

"அடுப்புல போட்டாச்சே அண்ணாச்சி." வள்ளிமயில் ஆய்வாளர் பக்கம் திரும்பினாள். "எங்க அண்ணன் வரமாட்டான் சார்."

தீப்பெட்டி கேட்டு வந்த வழிப்போக்கன், செத்த பிறகும் இரண்டு வருடம் ஒழுங்காக வேலைக்கு வந்ததற்கு, பக்கத்துக்குப் பக்கம் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தார் முதலாளி.