ப.நீ.

"நான் குடுத்த இனிப்பை ஏம்மா தொடவே இல்ல? டயட்டா?" என்று கேட்டபடி வந்தார் தலைமை எழுத்தாளர்.

படம் வரைபவள் பேனாக்களையும் காப்பிக் கோப்பையையும் அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பம்பு கம்பெனியின் கையேடுகளை அவர் எழுத, அவள் படம் போட, இருவருக்கும் ஒரே அறை.

இன்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. இருவருக்கும் ஒப்பந்தம் முடிகிற மாதம் இது. பட்டியலில் அவர் பெயருக்கு நேராக முதலாளியே 'ப.நீ.' என்று எழுதிவிட்டார். பணி நீட்டிப்பு! வரிக்கு நாலு சுருக்கம் போட்டுக் கையேடு எழுதி, 'சுருக்குப்பை' என்று பட்டப்பெயர் வாங்கியவருக்கு இதை விரித்துச் சொல்ல ஆளா வேண்டும்?

"வேற வேலை கிடைச்சிடுச்சா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது. "வேலையை விட்டுத் தூக்கச் சொல்லிட்டு, இனிப்பு வேற குடுக்கறீங்களே சார். என் சம்பளத்துலதான் வீடு ஓடுதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"நானா? உனக்குப் பரிந்துரையில 'ப.நீ.'ன்னுல்ல எழுதினேன்!"

"ஆமா. பணி நீக்கம்."

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. காலையிலிருந்து அந்த இனிப்பைப் பார்த்துக்கொண்டு அவள் என்னவெல்லாம் நினைத்திருப்பாள்!

அவளையும் கூட்டிக்கொண்டு பணியாளர் பிரிவுக்கு ஓடினார். "நான் நீட்டிக்கச் சொன்னேன்ப்பா, நீக்கச் சொல்லல!"

"எனக்கு எப்படி சார் தெரியும்?" என்றார் அதிகாரி. "முதலாளி வச்ச வழக்கம் இது. ப.நீ.ன்னா நீக்கம். நீட்டிப்புன்னா முழுசா எழுதணும்."

தலைமை எழுத்தாளர் 'பணி நீட்டிப்பு' என்று எழுத்து விடாமல் எழுதிக் கையெழுத்திட்டார். அதிகாரி அவளுடைய பணி நீக்க உத்தரவைக் கிழித்துப் போட்டார்.

"மன்னிச்சிடும்மா. உன் மூஞ்சியில முழிக்கவே கூசுது. இனிமே செத்தாலும் சுருக்க மாட்டேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல்முறையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கையோடு கொண்டு வந்திருந்த இனிப்புப் பெட்டியை அதிகாரி பக்கம் நீட்டினார்.

"எடுத்துக்கப்பா. எனக்கும் நீட்டிப்பு கிடைச்சிருக்கு."

அதிகாரி இனிப்பையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். கை நீளவில்லை.

"சார்... உங்களுக்கு முதலாளி முழுசாவா எழுதியிருக்காரு?"