முந்தித் திறந்தவர்

பக்கம் வர நேரமாகும், அதற்குள் கடவுளைக் கும்பிட்டுக்கொள்ளலாம் என்று அக்கா கண்ணை மூடினாள். திறந்து பார்த்தால், விளம்பரம் முழுசாக வந்து பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. அவள் திடுக்கிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

வேறு ஆபீஸாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். இந்த பம்ப் செட் கம்பெனிக்கு வருகிற இன்டர்நெட் லைன் அவ்வளவு மெலிசு. ஒரு படம் இறங்குவதற்குள் டீ ஆறி ஆடை கட்டிவிடும். அதனால்தான் நெட்டுக்காரர் மூலையில் ஒரு பெட்டியை வைத்துவிட்டுப் போயிருந்தார். ஒருவர் திறந்த பக்கத்தை அது நகல் எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்தவர் கேட்டால் லைன் பக்கமே போகாமல் சட்டென்று எடுத்து நீட்டும். சாயங்காலம் ஆபீஸைப் பூட்டும்போது எல்லாவற்றையும் மறந்துவிடும்.

ஆக, முதலில் திறப்பவருக்குத் தவம், அடுத்தவருக்கு வரம். காலையில் செய்திப் பக்கத்தை யார் முதலில் திறப்பது என்று, பில் போடுகிற மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மூவரில் மூத்தவள் அக்கா. எதற்கெடுத்தாலும் திருத்தம் சொல்கிறவர் வாத்தியார். வேலைக்கு வந்து வருஷக்கணக்காகியும் பட்டம் மாறாதவன் புதுசு.

'பில் போட அனுபவமுள்ள ஒருவர் உடனே தேவை. பொறுமை அவசியம்.' அவ்வளவுதான் விளம்பரம். கம்பெனி பேர்கூடப் போடவில்லை. தங்கச்சி போனில் சொன்னதிலிருந்து அக்காவுக்குத் தூக்கம் போய்விட்டது. இந்த இடத்திலிருந்து தப்பிக்க ஒரு வாசல் திறந்ததே என்று அத்தனை ஆசை.

அந்த வாசலில் இப்போது வேறு யாரோ முந்திக்கொண்டு நிற்கிறார்கள். இதே ஆபீஸில், இன்றைக்குக் காலையில். இருப்பதோ ஒரே ஒரு வேலை.

லைனில் மொத்தமே நாலு கம்ப்யூட்டர். நாலாவது, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மேனேஜருடையது. இந்தக் கம்பெனிக்கு முதலாளியும் மேனேஜரும் அவரேதான். அவர் எதற்கு பில் போடுகிற வேலைக்கு மனுப் போடப் போகிறார்? மிச்சம் இரண்டு பேர்.

"என்ன வாத்தியாரே, இன்னிக்கு ரொம்பப் பளிச்னு இருக்கீங்க?"

"முடி வெட்டிக்கிட்டேன். அதுக்கும் பெர்மிஷன் வாங்கணுமா?"

மனுவில் ஒட்ட போட்டோ எடுத்திருக்கிறார் என்று அக்கா தீர்மானித்தாள். இருந்தாலும் அடுத்தவனையும் ஒரு கை பார்த்துவிடலாம் என்று திரும்பினாள்.

"நீ ஏம்ப்பா ஸ்கிரீனை அந்தப் பக்கம் திருப்பி வெச்சிருக்கே?"

"வெயில் அடிக்குதுக்கா. வேற ஒண்ணும் இல்ல. சத்தியமா ஒண்ணும் இல்ல."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான். யாரென்று கண்டுபிடித்து மாளாது. இரண்டு பேரையுமே கிளப்பிவிடுவது என்று முடிவு செய்தாள்.

"ஒரு விஷயம் கேள்விப்பட்டேன்," என்று ஆரம்பித்தாள். "ஏதோ ஒரு கம்பெனில பில் போட ஆள் எடுக்கறாங்களாம். பேர் போடாம விளம்பரம் வந்திருக்கு. தப்பித் தவறி அந்தப் பக்கம் போயிடாதீங்க."

இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

"ஏன்க்கா?"

"என் நாத்தனார் வீட்டுக்காரர் அங்கதான் இருந்தார். தலைதெறிக்க ஓடி வந்துட்டார்."

"அப்படி என்ன கொடுமை?" என்றார் வாத்தியார்.

பொய் சொல்வதில் அக்காவுக்கு அவ்வளவு அனுபவம் கிடையாது. வாயைத் திறந்துவிட்டு, கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துக் கோத்தாள்.

"ஃபேன் சுத்தும், காத்து வராது. கத்தல் மட்டும் வரும். நாற்காலிக்கு மூணு கால்தான், நாலாவதுக்கு பழைய ஃபைலை முட்டுக் குடுத்திருப்பாங்க. பாத்ரூம்ல தாழ்ப்பாள் கெடையாது, உள்ள போனா பாடிக்கிட்டே இருக்கணும்."

புதுசு தலையாட்டினான். தினமும் பாடுகிறவன்.

"அது போகட்டும், அந்த முதலாளி இருக்கானே, மகா கஞ்சன். எச்சில் கையால காக்கா ஓட்ட மாட்டான். யார் எத்தனை டீ குடிக்கறாங்கன்னு உள்ளயிருந்து கண்ணாடி வழியா எண்ணிக்கிட்டே இருப்பானாம்."

பேச்சு சூடு பிடித்துவிட்டது. ஃபேன் போட்ட கத்தலில், பின்னால் கண்ணாடிக் கதவு திறந்தது அவள் காதில் விழவில்லை. வாத்தியார் மட்டும் அவசரமாக ஒரு பில்லைத் திருத்த ஆரம்பித்தார்.

"எந்த விளம்பரம்மா, பொறுமை அவசியம்னு போட்டிருக்கே, அதுவா?"

அக்கா துள்ளி எழுந்தாள். மூன்று கால் நாற்காலி சாய்ந்தது. மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"ஆமா சார். நீங்களும் பாத்தீங்களா?"

"காலைல வந்ததும் அதைத்தான் தொறந்தேன். வர்றதுக்குள்ள கண்ணு பூத்துப் போச்சு."

முந்தித் திறந்தவர் யாரென்று தெரிந்ததும் அக்காவுக்கு மூச்சு வந்தது. கூடவே மனசும் இளகிவிட்டது. பாவம், கம்பெனியை நடத்த முடியாமல் இவரே வேலை தேடுகிற நிலைமைக்கு வந்துவிட்டார் போலிருக்கிறது.

"உங்களுக்கு அது வேண்டாம் சார்," என்றாள் உண்மையான அக்கறையோடு. "அப்படிப்பட்ட ஆள்கிட்ட உங்களால காலம் தள்ள முடியாது."

மேனேஜர் கத்தவில்லை. பெரிய பாரம் இறங்கியவர் மாதிரி நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

"விளம்பரம் குடுத்ததே நான்தாம்மா, மூணு பேர்ல யாரை வீட்டுக்கு அனுப்பறதுன்னுதான் தெரியாம முழிச்சுக்கிட்டிருந்தேன்."