நீலக் கட்டம் போட்ட விரிப்பு

படுத்த படுக்கையாகக் கிடந்த மாமனார் இறந்த பிறகு, அவர் படுக்கையில் போட்டிருந்த ஈரம் உறிஞ்சும் விரிப்புகளை வசுமதி வெந்நீரில் துவைத்து, மகள் வளர்க்கும், பெரிய எலி போன்ற கினிப் பன்றிகளின் கூண்டில் விரித்தாள். மரத்தூளைவிட அது வசதியாக இருந்தது.

முதல் திவசத்துக்கு துபாயிலிருந்து வந்த நாத்தனார் ரேணுகா, கூண்டைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். வீடியோ காலில் அப்பாவைப் பார்த்தபோதெல்லாம் அவருக்கு அடியில் தெரிந்த அதே நீலக் கட்டம்.

“அப்பா படுத்த துணியில எலியைப் படுக்க வெச்சிருக்கியே, எப்படி மனசு வந்துச்சு?” என்று தேம்பினாள். “கடைசியில அவரைத் தொடக்கூட எனக்குக் கொடுத்துவைக்கல. ஞாபகமா இதுல ஒண்ணாவது எனக்குக் குடு.”

அலமாரியில் துவைத்து மடித்த விரிப்புகள் இருந்தன. வசுமதி கூண்டைத் திறந்து, கினிப் பன்றிகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, அடியில் கிடந்ததை உருவி நீட்டினாள்.

“இந்தாங்க அண்ணி. மாமாவுக்கு அடியிலேருந்து தினமும் நான் எடுக்கும்போது இப்படித்தான் இருக்கும்.”

வாங்கப்போன ரேணுகா, ஈரம் விரலில் பட்டதும் கையை இழுத்துக்கொண்டாள். விரிப்பு தரையில் விழுந்தது. அதை எடுக்க வசுமதி குனியவில்லை.