ஒஹாயோவுக்கு வந்த கடிதங்கள்

“இது என் கையெழுத்தே இல்லை. நான் எந்த ரசிகருக்கும் பதில் எழுதினதில்லை.”

பாடகர் கடிதத்தைத் திருப்பி நீட்டினார். பிரியம்வதாவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

லண்டனில் ஒரு ரெக்கார்டு கடை. பழைய இசைத்தட்டுகளில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க அவர் வந்திருந்தார். அவரைப் பார்ப்பதற்கென்றே, ஐம்பத்து நாலு வயதில் அமெரிக்காவிலிருந்து விமானம் ஏறி வந்திருந்தாள் அவள்.

எண்பதுகளில், ஒஹாயோவின் அந்தச் சிற்றூரில் போஸ்ட்-பங்க் என்ற பிரிட்டிஷ் ராக் இசையைக் கேட்ட ஒரே ஆள் பிரியம்வதாதான். ஒரே தமிழ்ப் பெண்ணும் அவள்தான். கறுப்புக் கோட்டும் கண் நிறைய மையுமாகப் பள்ளிக்குப் போவாள். மதியச் சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். இழவு வீட்டுப் பாட்டு என்று அப்பா திட்டுவார். வாக்மேனில் இந்தப் பாடகரின் லண்டன் குரல் மட்டும்தான் துணை.

அந்தக் குரலுக்கு ஒருநாள் கடிதம் எழுதிப் போட்டாள். பதில் வந்தது!

மூன்று வருஷத்தில் பதினோரு கடிதங்கள். ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் தபால் பெட்டிக்குத்தான் ஓடுவாள். இன்று யாராவது உன்னோடு பேசினார்களா, அம்மா என்ன சமைத்தார் என்றெல்லாம் விசாரித்திருக்கும். படிப்பை விட்டுவிடப் போகிறேன் என்று எழுதியபோது, வேண்டாம் என்று நாலு பக்கம் வந்தது. அதைப் படித்துப் படித்துத்தான் பள்ளியை முடித்தாள்.

இப்போது எழுதவே இல்லையாம். பெரிய மனுஷனுக்கு மறதியும் பெரிசு போல.

கிளம்பியவளை அவரே கூப்பிட்டார். கடிதத்தை வாங்கி மறுபடி பார்த்துவிட்டு, கூச்சத்தோடு சொன்னார். வந்த கடிதங்களைக் குப்பையில் போடச் சொன்னதே அவர்தானாம். இந்த எழுத்து, அப்போது அவருடைய இசைக்குழுவின் அலுவலகத்தில் பார்சல் கட்டிக்கொண்டிருந்த பீற்றருடையதாம். இலங்கைக்காரர். இப்போது தெற்கு லண்டனில், மிட்சம் என்ற இடத்தில் கடை வைத்திருக்கிறாராம்.

டிராம் பிடித்து மிட்சத்தில் இருந்த அந்தக் கடைக்குப் போனாள். கல்லாவில் நரைத்த தலையோடு ஒருவர் இருந்தார். கடிதத்தைக் கண்டதும், பில் போட்டுக்கொண்டிருந்த கை நின்றது.

“பிரியம்வதாவோ?”

“ஆமா. அவர் பேரைப் போட்டு நீங்க ஏன் எழுதினீங்க? நாற்பது வருஷமா ஏமாந்திருக்கேன்.”

“பிழைதான், தங்கச்சி. எறியிறதுக்கு முன்னம் பிரிச்சுப் பார்த்தன். ஒரு தமிழ்ப் பிள்ளை, கதைக்க ஆளில்லை எண்டு எழுதியிருந்தது. எறிய மனம் வரேல்லை. பார்சல் கட்டுறவன் எழுதினால் வாசிப்பீங்களோ எண்டுதான் அவற்ற பேரைப் போட்டன்.”

அவள் கோபம் பாதி இறங்கியது. அந்தப் பாட்டுகள் அவருக்கும் பிடிக்குமா என்று கேட்டாள். அந்த இரைச்சலில் ஒரு சொல்லும் விளங்காது என்றார்.

“பரிதாபப்பட்டிருந்தா ஒரு கடிதம் போதுமே. மூணு வருஷம் எதுக்கு எழுதினீங்க?”

பீற்றர் பில் புத்தகத்தை மூடிவைத்தார்.

“அப்ப ஊரில சண்டை. அம்மாவுக்கு நான் போட்ட ஒரு கடிதத்துக்கும் பதில் வரேல்லை. எனக்கு மறுமொழி எழுதின ஒரே ஆள் நீங்கள்தான்.”